டேனரி பட்டியல் மென்பொருளுக்குள் லுவா: சி++ நிரலில் ஸ்கிரிப்ட் மொழியைப் பதிக்க முழுமையான வழிகாட்டி

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் டேனரிகளுக்கு (தோல் பதனிடும் ஆலைகளுக்கு) மென்பொருள் எழுதிக் கொடுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு தொல்லை பொது. அளவு மெஷினிலிருந்து ஒவ்வொரு தோலின் பரப்பும் கணினிக்கு வரும். அதைச் சதுர அடியாக்கி, கால் அடிக்குச் சரிசெய்து, செலக்‌ஷன் (தரம்) வாரியாகப் பிரித்து, ஜாப் ஒர்க் கூலி போட்டுப் பட்டியல் அடிக்க வேண்டும். மெஷினோடு பேசும் பகுதி வருஷக்கணக்கில் மாறாது. கணக்குப் போடும் பகுதி பையருக்குப் பையர் மாறும். ஒருவர் கால் அடிக்குக் கீழே வருவதை விட்டுவிடச் சொல்வார். இன்னொருவர் பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த காலுக்கு ஏற்றச் சொல்வார். மூன்றாமவர் அடியே வேண்டாம், சதுர டெசிமீட்டரில் கொடு என்பார். "இன்னா சார், ஒரு ரூல் மாத்துறதுக்கு நீங்க காட்பாடிலருந்து வண்டி எடுத்துனு வரணுமா?" என்று மேனேஜர் கேட்பது நியாயமான கேள்விதான்.

மாறும் கணக்கை மட்டும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கோப்பில் வைத்து, அதை ஓட்டும் இன்டர்பிரெட்டரை நம் சி++ நிரலுக்குள்ளேயே பதித்துவிட்டால் அந்தப் பயணம் மிச்சம். இன்டர்பிரெட்டரைப் பதிப்பது ஒரு மத்தியான வேலை. எதை ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று கோடு போடுவதில்தான் உழைப்பு முழுக்க இருக்கிறது.

கோடு எங்கே

முதலில் கணினியை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: பரப்பும் செலக்‌ஷனும் உள்ளே போகும், பட்டியலில் ஏற வேண்டிய பரப்பும், சதுர அடிக்கு எத்தனை பைசா என்ற விலையும் வெளியே வரும். அவ்வளவுதான் ஸ்கிரிப்டின் உலகம். கோப்பு எழுதுவது, தரவுத்தளம், பிரிண்டர், சீரியல் போர்ட், வரி எல்லாம் சி++ பக்கமே இருக்கட்டும். "இதையும் ஸ்கிரிப்டில் வைத்தால் வசதியாக இருக்குமே" என்ற ஆசை ஒவ்வொரு வாரமும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் ஒரு வருஷத்தில் பாதி மென்பொருள் யாரும் சோதிக்காத ஸ்கிரிப்டாக மாறியிருக்கும்.

பணத்தையும் இங்கேயே தீர்மானித்துவிடுங்கள். கால், அரை, முக்கால் மூன்றும் பைனரி மிதவை எண்ணில் துல்லியமாக உட்காரும், 4.10 ரூபாய் உட்காராது. ஆகவே விலை எப்போதும் பைசாவில், முழு எண்ணாக. 22.25 சதுர அடியை 410 பைசாவால் பெருக்கினால் 9122.5 பைசா. அந்த அரைப் பைசாவை ஏற்றுவதா இறக்குவதா என்பதைச் சி++ பக்கம் ஒரே ஒரு இடத்தில் முடிவு செய்ய வேண்டும்.

ஏன் லுவா

லுவா 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில், பியுசி-ரியோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ரோபெர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலெஸ் மூவரும் செய்தது. பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்துக்காக எழுதிய நிரல்களில் உள்ளீட்டுப் படிவங்களையும் அறிக்கைகளையும் மாற்றியமைக்க இரண்டு குட்டி மொழிகள் இருந்தன. அவற்றின் இடத்துக்கு வந்ததுதான் லுவா. நம் டேனரி மேனேஜரின் தேவையும் ஏறக்குறைய அதேதான். இன்னொரு நிரலுக்குள் உட்காரவென்றே பிறந்த மொழி என்பதால்தான் ரெடிஸ், என்மேப், வயர்ஷார்க், நியோவிம், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என எங்கும் அது உள்ளே இருக்கிறது.

பைத்தானைப் பதிக்கலாம். ஆனால் அதன் நூலகக் கோப்புறையையும் கூடவே சுமக்க வேண்டும். ஸ்கிரிப்டை ஒரு வேலிக்குள் அடைப்பதும் பைத்தானில் நம்பத்தக்க காரியமில்லை. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்தான் விதிகளை எழுதுவார் என்றால் குவிக்ஜேஎஸ் நல்ல தேர்வு. மெஷின் அருகே தூசி படிந்து கிடக்கும் பழைய விண்டோஸ் கணினிக்கு, கம்பைல் செய்தால் சில நூறு கிலோபைட்டில் அடங்கும் லுவாவே என் தேர்வு. லைசென்ஸ் எம்ஐடி, விற்கும் மென்பொருளில் சேர்க்கத் தடை இல்லை.

இங்கே சொல்வதெல்லாம் 5.4-ஐ வைத்து. லுவாஜிட் வேகமானதுதான், ஆனால் மொழி அளவில் அது 5.1-ஐ ஒட்டியே நிற்கிறது. முழு எண் தனி வகையாக வந்தது 5.3-இல். பைசாக் கணக்குக்கு அது வேண்டும்.

மூலத்தைச் சேர்ப்பது

லுவாவின் மூலக் கோப்புறையில் உள்ள சி கோப்புகள் எல்லாவற்றையும் உங்கள் திட்டத்தில் நேரடியாகச் சேர்த்துவிடுங்கள், இரண்டைத் தவிர: லுவா.சி, லுவாக்.சி. முதலாவது கட்டளை வரி நிரல், இரண்டாவது கம்பைலர். இரண்டிலும் தனித்தனியே மெயின் இருப்பதால் சேர்த்தால் லிங்கர் சண்டை போடும். டிஎல்எல் வேண்டாம்; வாடிக்கையாளர் கணினியில் வேறு ஏதாவது பதிப்பு கிடந்து குழப்பும்.

சி++ காரர்கள் இங்கே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். லுவாவைச் சி ஆகக் கம்பைல் செய்தால், உள்ளே பிழை எழும்போது அது லாங்ஜம்ப் மூலம் தாவும். தாவும் வழியில் உள்ள சி++ பொருள்களின் டிஸ்ட்ரக்டர் ஓடாது. உங்கள் ஃபங்ஷனில் ஒரு ஸ்ட்ரிங் உருவாக்கிவிட்டு, அதற்குப் பிறகு லுவாவிடம் எண் கேட்டு, எண்ணுக்குப் பதில் நில் (லுவாவின் வெற்று மதிப்பு) வந்திருந்தால் அந்த ஸ்ட்ரிங்கின் நினைவகம் அம்போ. அதே லுவா கோப்புகளைச் சி++ ஆகக் கம்பைல் செய்தால் பிழைகள் எக்ஸப்ஷனாக எறியப்படும். டிஸ்ட்ரக்டர்கள் ஒழுங்காக ஓடும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். சி ஆகத்தான் வேண்டும் என்றால் ஒரு ஒழுங்கு போதும்: லுவாவிடமிருந்து வாங்க வேண்டியதை எல்லாம் முதலில் வாங்கிச் சரிபார்த்துவிட்டு, அதன் பிறகே சி++ பொருள்களை உருவாக்க வேண்டும், நம் எக்ஸப்ஷன் எதையும் லுவா வழியாக வெளியே விடக் கூடாது.

ஸ்டேட்டைத் திறப்பது

இனி வரும் ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதுகிறேன். கையேட்டில் தேடினால் உடனே அகப்படும்.

லுவாஎல்_நியூஸ்டேட் ஒரு வெற்று ஸ்டேட்டைத் தரும். ஸ்டேட் என்பது ஒரு முழு இன்டர்பிரெட்டர்: மாறிகள், நினைவகம், அடுக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். குளோபல் என்று வெளியே எதுவும் இல்லை. ஒரே நிரலில் பையருக்கு ஒன்றாகப் பத்து ஸ்டேட் வைத்தாலும் ஒன்றுக்கொன்று முகம் தெரியாது. ஆனால் ஒரே ஸ்டேட்டை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொடக் கூடாது. சீரியல் போர்ட்டைக் கேட்கும் த்ரெட் பரப்பை வரிசையில் போடட்டும். கணக்குப் போடும் த்ரெட் மட்டும் லுவாவைத் தொடட்டும்.

அடுத்து, பல வழிகாட்டிகளும் லுவாஎல்_ஓப்பன்லிப்ஸ் என்று ஒரே வரியில் எல்லா நூலகத்தையும் திறக்கச் சொல்லும். அப்படிச் செய்யாதீர்கள். அதில் ஐஓ, ஓஎஸ், பேக்கேஜ், டீபக் எல்லாம் வந்துவிடும். பட்டியல் விதிக்கு டிஸ்க்கை அழிக்கும் அதிகாரம் எதற்கு? லுவாஎல்_ரிக்வயர்எஃப் மூலம் பேஸ், டேபிள், ஸ்ட்ரிங், மேத், யுடிஎஃப்8 ஐந்தை மட்டும் திறங்கள். பேஸ் நூலகத்தோடு டூஃபைல், லோட்ஃபைல், லோட் மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குளோபல்களை நில் ஆக்கிவிடுங்கள்.

விதிக் கோப்பை ஏற்றுவது

கோப்பை ஏற்ற லுவாஎல்_லோட்ஃபைல்எக்ஸ், நினைவகத்தில் உள்ள உரையை ஏற்ற லுவாஎல்_லோட்பஃபர்எக்ஸ். இரண்டிலும் கடைசி அளவுருவில் "டி" என்ற ஓரெழுத்தைக் (டெக்ஸ்ட் என்பதன் முதலெழுத்து) கொடுங்கள். உரை மட்டுமே ஏற்கப்படும். கொடுக்காவிட்டால் கம்பைல் செய்த பைட்கோடும் உள்ளே வரும். லுவா அந்தப் பைட்கோடின் ஒழுங்கைச் சரிபார்ப்பதில்லை. கெட்ட பைட்கோடு ஒன்று உங்கள் நிரலையே கவிழ்க்கும்.

இரண்டுக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. நோட்பேடில் யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கும்போது சில சமயம் கோப்பின் தலையில் மூன்று பைட் குறி ஒன்று சேர்ந்துகொள்ளும். லோட்ஃபைல்எக்ஸ் அதைத் தானே தாண்டிப் போகும். லோட்பஃபர்எக்ஸ் தாண்டாது, முதல் வரியிலேயே 239 என்ற எண்ணைக் காட்டி எதிர்பாராத குறி என்று பிழை சொல்லும். திரையில் கோப்பு சுத்தமாகத் தெரியும், பிழை மட்டும் போகாது. நீங்களே கோப்பைப் படித்துக் கொடுப்பதாக இருந்தால் அந்த மூன்று பைட்டையும் வெட்டிவிட்டுக் கொடுங்கள்.

ஏற்றியது இன்னும் ஓடவில்லை என்பதை மறக்க வேண்டாம். லோட் என்பது கம்பைல் மட்டுமே. முழுக் கோப்பும் ஒரு ஃபங்ஷனாக அடுக்கின் மேல் வந்து உட்காரும். அதை ஒருமுறை அழைத்தால்தான் உள்ளே எழுதிய விதி ஃபங்ஷன் குளோபலாகப் பதிவாகும்.

அடுக்கு

சி பக்கத்துக்கும் லுவா பக்கத்துக்கும் இடையே எல்லாக் கொடுக்கல் வாங்கலும் ஒரு அடுக்கு வழியாகத்தான். மரச் சட்டத்தின் மேல் தோலை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதுபோல: கடைசியாகப் போட்டது மேலே. 1, 2, 3 என்றால் அடியிலிருந்து எண்ணுவது. -1, -2 என்றால் மேலிருந்து எண்ணுவது. சி ஃபங்ஷனுக்கு 20 இடம் உத்தரவாதம். அதற்கு மேல் வேண்டுமானால் லுவாஎல்_செக்ஸ்டேக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் ஏற்றினால் உடனே பிழை வராது, வேறெங்கோ நினைவகம் கெட்டுப் பிறகு விழும்.

ஒரு தோலைக் கணக்குப் போடுவதை அடுக்கில் பார்ப்போம். அடுக்கு காலி. முதலில் பிழை விவரம் சேர்க்கும் ஃபங்ஷன் ஒன்றை ஏற்றுகிறோம், அது 1. விதி ஃபங்ஷனை லுவா_கெட்குளோபல் மூலம் எடுக்கிறோம், அது 2. பரப்பு 22.38 மூன்றாவது. செலக்‌ஷன் "பி" நான்காவது. இப்போது லுவா_பிகால்: அளவுரு 2, திரும்ப வருவது 2, பிழை ஃபங்ஷன் 1-ஆம் இடத்தில். அழைப்பு முடிந்ததும் 2, 3, 4 மூன்றும் காணாமல் போய், 2-ஆம் இடத்தில் 22.25, 3-ஆம் இடத்தில் 410 இருக்கும். தோற்றால் 2-ஆம் இடத்தில் பிழைச் செய்தி ஒன்று மட்டும் இருக்கும். படித்து முடித்ததும் லுவா_செட்டாப் பூஜ்யம் கொடுத்து அடுக்கைக் காலி செய்யுங்கள். ஒரு தோலுக்கு ஒரு மதிப்பு மிச்சம் விட்டாலும் போதும், லோடு முடிவதற்குள் அடுக்கு வழிந்துவிடும். டீபக் கட்டமைப்பில் ஃபங்ஷனின் தொடக்கத்திலும் முடிவிலும் லுவா_கெட்டாப் ஒரே எண் தருகிறதா என்று அஸர்ட் போட்டு வையுங்கள்.

லுவா_டுஎல்ஸ்ட்ரிங் தரும் பாயின்டர் அந்த மதிப்பு அடுக்கில் இருக்கும்வரைதான் செல்லும். எடுத்த கையோடு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பும் பிழையும்

லுவா_கால், லுவா_பிகால் என்று இரண்டு உண்டு. வெளியிலிருந்து அழைக்க முதலாவதை எடுக்கவே வேண்டாம். பாதுகாப்பில்லாத அழைப்பில் பிழை எழுந்தால் பேனிக் ஃபங்ஷன் ஓடி நிரல் அப்படியே நின்றுவிடும். பிகாலுக்குக் கொடுக்கும் பிழை ஃபங்ஷனுக்குள் லுவாஎல்_டிரேஸ்பேக்கை அழைத்தால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று முழு விவரமும் கிடைக்கும். அதை லாக் கோப்பில் எழுதுங்கள். திரையில் மேனேஜருக்கு "இந்தப் பையர் விதிக் கோப்பில் 14-ஆம் வரியில் பிழை" என்ற அளவு போதும்.

நிறையப் பேர் கவனிக்காத நுணுக்கம் ஒன்று. கெட்குளோபல், புஷ்ஸ்ட்ரிங் போன்றவை புதிதாக நினைவகம் கேட்கும். கிடைக்காவிட்டால் அவையும் பிழை எழுப்பும். அவை பிகாலுக்கு வெளியே இருந்தால் நேரே பேனிக்தான். கீழே சொல்லப்போகும் நினைவக வரம்பை வைப்பவர்களுக்கு இது நிச்சயம் நடக்கும். வழி: மேலே சொன்ன ஏற்றுதல் இறக்குதல் முழுவதையும் ஒரு சி ஃபங்ஷனுக்குள் போட்டு, அந்த ஃபங்ஷனையும், தரவைச் சுட்டும் லைட் யூசர்டேட்டா ஒன்றையும் மட்டும் ஏற்றி, வெளியிலிருந்து ஒரே பிகாலில் அழைப்பது. இந்த இரண்டையும் ஏற்ற நினைவகம் தேவைப்படாது.

திரும்பி வந்த மதிப்பை நம்பாதீர்கள். லுவா_டுநம்பர்எக்ஸ் எண்தானா என்று சொல்லும்; நல்ல எண்தானா என்று சொல்லாது. விதியில் எங்காவது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்திருந்தால் நேன் எனப்படும் எண்ணல்லாத மதிப்பு வரும். "பரப்பு பூஜ்யத்துக்குக் கீழா?" என்று சோதித்தால் அது இல்லை என்று சொல்லிச் சுலபமாகத் தாண்டிப் போய்விடும், ஏனெனில் அதோடு சிறிதா, பெரிதா, சமமா என்று செய்யும் எந்த ஒப்பீடும் பொய்தான். சோதனையைத் திருப்பி எழுதுங்கள்: பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்து, மெஷின் கொடுத்ததைவிட அரை அடிக்கு மேல் விலகாமலும் இருந்தால்தான் ஏற்பு, மற்றதெல்லாம் நிராகரிப்பு. விலைக்கு லுவா_டுஇன்டிஜர்எக்ஸ்: 410.0 வந்தால் ஏற்கும், 410.5 வந்தால் மறுக்கும். லுவாவில் ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் மிதவை எண்தான் தரும் என்பதால் இந்த நெகிழ்வு உதவுகிறது.

நம் ஃபங்ஷனை லுவாவுக்குக் கொடுப்பது

விதி எழுதுபவர் ஒவ்வொருவரும் கால் அடிக் கணக்கைத் தானே எழுதினால் பத்து விதமாக எழுதுவார்கள். நான்கால் பெருக்கி, கீழே வெட்டி, நான்கால் வகுப்பது ஒரு ஃபங்ஷன், அதில் 22.38 என்பது 22.25 ஆகும். வெட்டும் முன் அரையைக் கூட்டுவது இன்னொன்று, அதில் 22.50 ஆகும். அடியைச் சதுர டெசிமீட்டராக்க 9.2903-ஆல் பெருக்குவது மூன்றாவது. இவற்றைச் சி++ பக்கம் எழுதி லுவா_ரெஜிஸ்டர் மூலம் பதிவு செய்யுங்கள். விதிக் கோப்பு நான்கைந்து வரியில் முடியும். மேனேஜரே வாசித்துப் புரிந்துகொள்வார்.

இப்படிப்பட்ட ஃபங்ஷனின் வடிவம் எப்போதும் ஒன்றே: ஸ்டேட்டை வாங்கும், லுவாஎல்_செக்நம்பர் மூலம் அளவுருவைச் சரிபார்த்து எடுக்கும், விடையை ஏற்றும், எத்தனை விடை ஏற்றினோம் என்ற எண்ணைத் திருப்பும். அந்தக் கடைசி எண்ணைத் தப்பாகக் கொடுத்தால் கம்பைலர் வாய் திறக்காது.

நம் சி++ பொருளையே ஸ்கிரிப்டில் காட்ட யூசர்டேட்டாவும் மெட்டாடேபிளும் உண்டு. இந்த வேலைக்கு அது தேவையில்லை. எண்ணும் ஸ்ட்ரிங்கும் போய் வந்தாலே போதும் என்றால் அங்கேயே நில்லுங்கள்.

முடியாத லூப், தீராத நினைவகம்

விதி எழுதுபவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. வைல் லூப்பில் ஒன்றைக் கூட்ட மறந்தாலே அளவு மெஷின் வரிசை நின்று, ஷிப்டு முழுக்கக் கத்தும்.

லுவா_செட்ஹுக் மூலம் ஒவ்வொரு 10,000 கட்டளைக்கும் ஒருமுறை நம் ஃபங்ஷன் அழைக்கப்படும்படி செய்யலாம். அதில் எண்ணிக்கை 1,00,000-ஐத் தாண்டினால் லுவாஎல்_எரர். ஒரு தோலுக்கான விதி சில நூறு கட்டளையில் முடிந்துவிடும் என்பதால் இந்த வரம்பு தாராளம். இரண்டு ஓட்டைகளை அடைக்க வேண்டும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே பிகால் இருந்தால் நம் பிழையை அது பிடித்துவைத்துக்கொண்டு லூப்பைத் தொடரும். பிகால், எக்ஸ்பிகால் இரண்டையும் ஸ்கிரிப்டுக்குக் காட்டாதீர்கள். அடுத்து, ஹுக் லுவா கட்டளைகளை மட்டுமே எண்ணும். ஸ்ட்ரிங் நூலகத்தின் தேடல் போலச் சியில் ஓடும் ஒன்று சிக்கலான வடிவத்தில் மாட்டிக்கொண்டால் எண்ணிக்கை நகராது. விதிக்கு வடிவத் தேடல் தேவைப்படாது என்றால் ஃபைண்ட், மேட்ச், ஜிமேட்ச், ஜிசப் நான்கையும் எடுத்துவிடலாம். ஸ்ட்ரிங்கின் மெட்டாடேபிள் வழியாகவும் அதே டேபிள்தான் எட்டும் என்பதால் டேபிளிலிருந்தே நீக்குங்கள்.

நினைவகத்துக்கு, லுவாஎல்_நியூஸ்டேட்டுக்குப் பதில் லுவா_நியூஸ்டேட். அதற்கு நம் சொந்த அலகேட்டரைக் கொடுக்கலாம். பழைய பாயின்டர், பழைய அளவு, புதிய அளவு மூன்றும் வரும். புதிய அளவு பூஜ்யம் என்றால் விடுவிப்பு. மொத்தம் 4 எம்பியைத் தாண்டினால் நல் (வெற்றுப் பாயின்டர்) திருப்புங்கள். லுவா உடனே குப்பை சேகரிப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்போதும் முடியாவிட்டால் நினைவகப் பிழை எழுப்பும். கவனம்: பாயின்டர் நல் ஆக வரும்போது "பழைய அளவு" என்ற இடத்தில் வருவது அளவே அல்ல, எந்த வகைப் பொருளுக்கு நினைவகம் கேட்கிறது என்ற குறியீட்டு எண். அதையும் சேர்த்துக் கழித்தால் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும்.

தமிழ் எழுத்து

லுவாவின் ஸ்ட்ரிங் வெறும் பைட் வரிசை. "தோல்" என்று கொடுத்தால் நீளக் குறி (#) 12 என்று சொல்லும்; யுடிஎஃப்8 நூலகத்தின் லென் 4 என்று சொல்லும்; நம் கண்ணுக்கு 2. சில விசைப்பலகைகள் ஓகாரக் குறியை இரண்டு துண்டாகப் போடும். அப்போது 15, 5. திரையில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு "தோல்" ஒப்பிடும்போது ஒன்றாகாது. பையர் பெயரையோ செலக்‌ஷன் பெயரையோ வைத்து விதி எழுத விடாதீர்கள்; குறியீடு கொடுங்கள், அல்லது சி++ பக்கம் என்எஃப்சி (துண்டுகளை ஒரே குறியாக இணைக்கும் யூனிகோட்) வடிவத்துக்கு மாற்றிய பிறகு உள்ளே அனுப்புங்கள்.

மாறிப் பெயரைத் தமிழில் வைக்க லுவா விடாது. டேபிளின் சாவியாகச் சதுர அடைப்புக்குள், மேற்கோள் குறியோடு தமிழ்ச் சொல்லைத் தாராளமாக வைக்கலாம். விலைப் பட்டியலுக்கு அதுவே போதும்.

விதி மாறும்போது

மேனேஜர் கோப்பைத் திருத்திச் சேமித்தார். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டேட்டிலேயே அதை மறுபடி ஏற்றினால் பழைய குளோபல் எதுவாவது மிச்சம் நின்று குழப்பும். புதிதாக ஒரு ஸ்டேட் திறங்கள். அதில் புதுக் கோப்பை ஏற்றுங்கள். விதி ஃபங்ஷன் இருக்கிறதா, அது ஃபங்ஷன்தானா என்று பாருங்கள். விடை தெரிந்த நாலைந்து பரப்பைக் கொடுத்து ஓட்டுங்கள். எல்லாம் சரி என்றால், ஒரு தோலுக்கும் அடுத்த தோலுக்கும் இடையே பாயின்டரை மாற்றிவிட்டுப் பழையதை லுவா_குளோஸ் மூலம் மூடுங்கள். எங்காவது தோற்றால் பழைய விதியே தொடரட்டும், திரையில் சிவப்பாக ஒரு வரி வரட்டும். ஒரு லோடின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். பாதித் தோல் ஒரு விதியிலும் மீதி இன்னொரு விதியிலும் போனால் பையரிடம் பதில் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பட்டியலோடும் அது எந்த விதியில் போடப்பட்டது என்பதற்காக விதிக் கோப்பின் முழு உரையையும் தரவுத்தளத்தில் சேர்த்து வையுங்கள். ஒரு கேபிகூட வராது. ஆறு மாதம் கழித்து "போன லோடுல எங்களுக்கு அளவு கொறச்சலா போட்டுட்டீங்க பாய்" என்று பையர் வந்து நின்றால், அந்த உரையை ஒரு புது ஸ்டேட்டில் ஏற்றி, மெஷின் கொடுத்த அசல் பரப்புகளை மறுபடி ஓட்டித் தோல் தோலாக எடுத்துக் காட்டலாம்.